சேற்றில் நடந்த மெசின்

காஜா பெராங்கில் பழைய ஆட்களிடம் தம்பிராஜா மெசின் என்று சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். சுதந்திரம் வந்த காலத்தில் மலாக்கா வயல்களில் உழவு ஓட்டிய கைடிராக்டர் அது. நம்ம ஊர் ஆள் கண்டுபிடித்தது, ஊருக்கே பெருமை என்பார்கள். கேட்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும். தம்பிராஜாவுக்கு ஒரு மரையை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்றுகூடத் தெரியாது. அந்த மெசினைச் செய்தவன் சேதுபதி. என் சைக்கிள் கடைக்கு அடுத்த தகரக் கொட்டகையில், என் கண்ணெதிரே செய்தான். நான் கோபக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த விசயத்தில் கோபப்படாதவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சேதுபதி, பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பன் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். இவனுக்கு மரம் பிடிக்கவில்லை, தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் தகடு உருட்டும் மெசின் பிடித்துப்போனது. மீசை முளைப்பதற்கு முன்பே, அதன் சத்தத்தைக் கேட்டு எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்வானாம். மாரியம்மன் திருவிழாவுக்கு விளக்குப் போட ஜெனரேட்டரோடு காஜா பெராங்குக்கு வந்தவன், பாக்கியலட்சுமியைப் பார்த்தான். அதன்பிறகு ஜெனரேட்டருக்கு இல்லாத கோளாறெல்லாம் சொல்லிக்கொண்டு திருவிழா முடிந்த பிறகும் இங்கேயே கிடந்தான்.

பாக்கியலட்சுமி சிட்டி வீட்டுப் பெண். சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து, இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்கள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய், உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். தோட்டத்துத் தமிழனுக்குப் பெண் கொடுப்பதா என்று அந்த வீட்டில் பெரிய ரகளை நடந்தது. அப்பா அம்மா இல்லாத வீடு. அண்ணன் தம்பிராஜாதான் கடைசியில் சரி என்றான். அதை அவன் கடைசிவரை சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தான். பாக்கியலட்சுமி கல்யாணத்துக்குப் பிறகுதான் தமிழ் கற்றுக்கொண்டாள். பாதி புருசனிடம், பாதி என் கடை வாசலில் நின்று.

அப்போதெல்லாம் மலாக்காவின் நெல் வயல்கள், ரப்பர் மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடங்களில் சின்னச் சின்னதாகக் கிடக்கும். கம்பெனிகள் கப்பலில் இறக்கிய பெரிய டிராக்டர்களை அங்கே இறக்கினால் வயிறு வரை புதைந்துவிடும். பிறகு டிராக்டரை இழுக்க எருமை கட்ட வேண்டும். குருபோங் என்ற வயற்காட்டு ஊரில் ஒரு நாள் அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வந்தான் சேதுபதி. அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"எரும நடக்குற எடத்துல மெசினு நடக்கலன்னா, சேத்து மேல என்னடா குத்தம்? மெசினு செஞ்சவன் சேத்துல எறங்கிப் பாக்கல. அவ்வளவுதான்" என்றான் என்னிடம்.

ஜப்பான்காரன் விட்டுப்போன தண்ணீர் பம்பின் எஞ்சின் ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்தான். கைப்பிடிக்குத் தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்குப் பட்டை இரும்பு. சங்கிலி நான் கொடுத்தேன். சைக்கிள் சங்கிலி ஒரே இழுப்பில் அறுந்து என் முழங்காலில் அடித்தது. பிறகு மோட்டார் சைக்கிள் சங்கிலி போட்டோம். குருபோங்கில் பாக் மாட் என்ற மலாய்க்காரரின் வயலில் இறக்கினோம். பெரிய டிராக்டரைப் போலவே இதுவும் புதைந்தது. அதைவிடச் சின்னதாக இருந்ததால் சீக்கிரமாகவே புதைந்தது. வரப்பில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

சேதுபதி கொட்டகைக்குத் திரும்பவில்லை. பாக் மாட்டின் எருமைக்குப் பின்னால் போய்க் குந்தினான். எருமை உழும்போது கூடவே சேற்றில் தவழ்ந்தான். இரண்டு முறை உதை வாங்கினான். மறுநாளும் போனான். பாக் மாட்டின் மனைவி, இந்த ஆளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது, மந்திரித்துப் பாருங்கள் என்று பாக்கியலட்சுமியிடம் சொல்லியனுப்பினாள்.

எருமையின் குளம்பு சேற்றில் இறங்கும்போது இரண்டாக விரிகிறது, எடுக்கும்போது சேர்ந்துகொள்கிறது. அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பலகைகளைக் கீல் வைத்துப் பூட்டினான். சேற்றில் பதியும்போது பலகை விரிந்து தாங்கும், மேலே வரும்போது மடங்கிச் சேற்றை உதிர்த்துவிடும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. அந்தக் கீல் வளையாமலும் உடையாமலும் சேறு அடைத்துக்கொள்ளாமலும் வேலை செய்ய, ஒரு நடவுக் காலமும் மறு நடவுக் காலமும் பிடித்தன. அத்தனை நாளும் பாக்கியலட்சுமி விடியும் முன் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோரம் விற்றாள். அந்தச் சோற்றில்தான் மெசின் வளர்ந்தது. இதையும் எந்தப் பெயர்த் தகட்டிலும் யாரும் எழுதவில்லை.

சுதந்திரம் வந்த அன்று ஊரே லாரி ஏறிக் கொண்டாடப் போய்விட்டது. சேதுபதி குருபோங்கில் முழங்கால் சேற்றில் நின்றான். அன்றைக்குத்தான் அந்த மெசின் வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நிற்காமல் நடந்தது. பாக் மாட் பின்னாலேயே ஓடினார். "ஜெந்தெரா சேத்து" என்று அவர்தான் முதலில் பேர் வைத்தார். சேதுவின் மெசின் என்று அர்த்தம். வயல்காரர்கள் வாயில் அந்தப் பேர்தான் சில காலம் ஓடியது.

சுதந்திரத்துக்குப் பிறகு, குடியுரிமைக்கு எழுதுங்கள், இப்போது எழுதினால் சுலபம் என்று கோவிலிலும் தோட்டத்து யூனியனிலும் காட்டுக் கத்தலாகக் கத்தினார்கள். பாக்கியலட்சுமி தினமும் சொன்னாள். நானும் சொன்னேன். உழவு முடியட்டும் என்றான். உழவு முடிந்ததும் அறுப்பு முடியட்டும் என்றான். வயலில் தண்ணீர் நிற்கும் நாளில்தான் மெசினைச் சோதிக்க முடியும், ஆபீசு எங்கே ஓடிப்போகிறது என்றான். அவனுக்கு அது ஒரு பெரிய விசயமாகவே படவில்லை. ஒன்பது வயதில் அப்பனோடு இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவனை யார் வெளியூரான் என்று சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தான்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் தம்பிராஜா. கோர்ட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை, வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து. நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விற்கத் தெரிந்தவன் அவன்தான். மலாய் அவன் தாய்மொழி, ஊர்த்தலைவர் பெங்குலுவின் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே மெசினை விற்றுவிடுவான். எங்களிடம் கடைத்தெருத் தமிழில் பேசுவான். ஒரு நாள் கொட்டகைக்கு வந்து பெட்டி மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தான்.

"மாப்ளே, கோப்பராசி சங்கத்துக்காரன் மெசினு கேக்குறான். ஒண்ணு ரெண்டு இல்ல, ஊருக்கு ஊரு, கம்பத்துக்குக் கம்பம் வேணுங்கிறான். கம்பெனின்னு ஒண்ணு பதியணும்லா."

"பதிஞ்சிடுவோம் மச்சான்."

"யாரு பேருல?"

சேதுபதி சக்கரத்துக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "என் பேருலதான். வேற யாரு பேருல?"

"நீங்க இன்னும் சிட்டிசன் இல்லையே. கவர்மெண்டு ஆர்டருன்னு வந்துட்டா, சிட்டிசன் பேருல இருந்தா லேசு. இல்லாட்டி சூசா, ஆயிரம் கேள்வி கேப்பான். நான் இங்கயே பொறந்தவன். என்னைய எவனும் கேக்க மாட்டான். இப்போதைக்கு என் பேருல கெடக்கட்டும். ஒங்க பேப்பரு வந்ததும் மாத்திக்கிடுவோம்."

"சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கீலுக்கு நகர்ந்தான் சேதுபதி.

தம்பிராஜா போனதும் நான் கையிலிருந்த டியூப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனேன்.

"ஏன்டா, ஒனக்குக் கிறுக்கா? மெசினு என்னோடது, கம்பெனிதான் ஒன் பேருலன்னு ஒரு வரி எழுதி வாங்கிக்கடா."

"மச்சான்கிட்டயா?"

"மச்சான்கிட்டதான்."

"பொண்ணு குடுத்தவருடா. அவருகிட்டப் போயி பேப்பரு கேட்டா, ஒங்க தங்கச்சிய நம்பலைன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? நாளைக்கு இவ மூஞ்சில நான் எப்புடி முழிக்கிறது?"

கொட்டகையை ஒட்டிய வீட்டுக்குள் இலை துடைத்துக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி வெளியே வந்தாள். "என் மூஞ்சிய நான் பாத்துக்கிறேன்லா. நீங்க கேளுங்க."

"நீ சும்மா இரு. குடும்பத்துக்குள்ள பேப்பரு என்ன பேப்பரு."

நம் ஆட்கள் இப்படித்தான். ஆணி வாங்கினால்கூடக் கடைக்காரனிடம் ரசீது கேட்பார்கள். உறவுக்காரனிடம் உயிரையே தூக்கிக் கொடுப்பார்கள், ஒரு துண்டுக் கடுதாசி கேட்க வெட்கப்படுவார்கள். இந்த வெட்கத்தால் எத்தனை குடும்பம் நாசமாகப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. செங் என்ற ஊரிலிருந்தும் குருபோங்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொட்டகையை நீட்டிக் கட்டினார்கள். சேதுபதி காலையில் மெசினுக்கு அடியில் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவான். முதுகுத் தோல் முழுக்க எண்ணெய். அதற்குள் ஒவ்வொரு மெசினின் முகத்திலும் பித்தளைத் தகடு ஏறிவிட்டது. தகட்டில் ஆங்கிலத்தில் தம்பிராஜா. இது என்ன என்று நான் கேட்டதற்கு, கம்பெனி பேருடா, மெசினு பேரு இல்ல என்றான் அந்தப் பைத்தியக்காரன்.

இரண்டு வருசம் போனது. ஆற்றோரத்தில் கிடங்கு வைத்திருந்த ஓர் இறக்குமதிக் கம்பெனியின் துரை, தம்பிராஜாவோடு காரில் வந்து இறங்கினான். கூடவே படம் பிடிக்கிறவன் ஒருவன். துரை மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், கீலை மடக்கி விரித்துப் பார்த்தான். தம்பிராஜா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். மெசினுக்கு அடியிலிருந்து சேதுபதியின் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. படத்தில் கால் விழுகிறது, கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றான் படம் பிடிக்கிறவன். சேதுபதி காலை இழுத்துக்கொண்டான்.

நாசி லெமாக் பொட்டலத்துக்கு இலைக்கு வெளியே பழைய பேப்பர் சுற்றுவார்கள். அடுத்த வாரம் பாக்கியலட்சுமி பொட்டலம் கட்டும்போது அந்தப் படம் கையில் வந்தது. கட்டி முடித்த பொட்டலங்களை அப்படியே விட்டுவிட்டு என் கடைக்கு வந்தாள்.

"கருணாண்ணே, இதுல என்ன எழுதிருக்கான்? வாசிங்க."

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். மலாக்காவில் பிறந்த சுயபுத்தியுள்ள இளைஞர், எருமையின் நடையைக் கவனித்து இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தார், இனி இதை நாடு முழுவதும் பெரிய கம்பெனி செய்து விற்கப் போகிறது என்று எழுதியிருந்தது.

"எரும பின்னால போனது யாரு?" என்று கேட்டாள்.

"ஒன் புருசன்."

"ஒத வாங்குனது?"

"ஒன் புருசன்தாம்மா."

"அது வரைக்கும் திருடிட்டானா?" என்றாள்.

அன்று மாலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. தம்பிராஜா கொட்டகைக்குள் நுழைந்து குடையை மடக்கவில்லை, அதற்குள் அவள் பேப்பரை நீட்டினாள்.

"அபாங், இது என்னா?"

அண்ணனை அவள் மலாயில் அபாங் என்றுதான் கூப்பிடுவாள். அவன் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பேப்பர்காரன் அவன் இஷ்டத்துக்கு எழுதுவான். இதுக்குப் போயி."

"எரும கதைய பேப்பர்காரன்கிட்ட யாரு சொன்னா? எருமையா சொன்னிச்சு?"

"பாக்கியம், பேசத் தெரியாமப் பேசாத. தொர பெரிய ஆளு. அவன்கிட்டப் போயி, இத செஞ்சது தோட்டத்துல மெசினு தொடச்ச ஆளு, சிட்டிசன்கூட இல்லைன்னா எந்திரிச்சிப் போயிடுவான். மெசினு செய்யத் தெரிஞ்சா போதுமா? எடுத்துச் சொல்ல ஆளு வேணாமா? நான் இல்லாட்டி இது இந்தக் கொட்டாயிலயே துருப்பிடிச்சிக் கெடக்கும்."

"நீ வித்தே. அத நான் இல்லைன்னு சொல்லல. வித்தேன்னு சொல்லு. செஞ்சேன்னு ஏன் சொன்னே?"

சேதுபதி ஒரு மூலையில் நின்று கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது, துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்:

"மச்சான், எனக்கு பேப்பர்ல படம் வேணாம். கம்பெனி கைமாறும்போது, இத செஞ்சவன் சேதுபதி, இவனும் ஒரு பங்காளின்னு தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. மெசின எப்புடிச் செய்யணும்னு நான்தான் சொல்லணும். கண்டவன் கையில போனா கீல ஒடச்சிருவானுங்க."

"சொல்லாம இருப்பேனா மாப்ளே? போகிக்கு தொர நம்ம வீட்டுக்கு மக்கான் சாப்புட வர்றாரு. அன்னிக்கு எல்லாரையும் வச்சிக்கிட்டு, ஒங்களக் கூப்புட்டு நிறுத்தி நானே சொல்றேன். போதுமா?"

"சொல்லுவியா?" என்று கேட்டாள் பாக்கியலட்சுமி.

"சொல்றேன்லா."

அவள் அவன் கையிலிருந்த பேப்பரை வாங்கி மடித்துக்கொண்டாள். பிறகு காப்பி கலக்க உள்ளே போனாள். எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் அண்ணன் தங்கச்சி விசயம், என் வாயை எதற்கு விடுவது என்று கடைக்குத் திரும்பிவிட்டேன்.

சிட்டிகளுக்குப் பொங்கலைவிடப் போகிதான் பெரிது. அன்றைக்குச் செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுவார்கள், பார்ச்சு என்பார்கள். மூத்த ஆண் இருக்கிற வீட்டில் குடும்பமே கூடும். பாக்கியலட்சுமி விடிவதற்கு முன்பே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மெசினைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு சேதுபதியோடு போனேன். துரை பார்க்க வேண்டும் என்று முற்றத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தான் தம்பிராஜா.

மழை விட்டு வறண்ட காற்று அடிக்கிற மார்கழிக் கடைசி வெயில். வீடு முழுக்கத் தேங்காய்ப்பால் வாசனை. பாராங் மீனில் பிண்டாங் குழம்பு, பிலிம்பிக்காய் போட்ட இறால், கோழி, முட்டை சம்பல், தட்டுத் தட்டாகக் குயே பலகாரங்கள். படையல் சமையலை உப்புக்குக்கூட ருசி பார்க்கக் கூடாது. பாக்கியலட்சுமி கண்ணாலும் மூக்காலுமே பார்த்து இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்னம்மா மீனாச்சி பக்கத்தில் உட்கார்ந்து இலை துடைத்தாள்.

துரை மத்தியானம் வந்தான். தம்பிராஜா பட்டு சாரோங் உடுத்தி, தலைப்பாகை கட்டி மாப்பிள்ளை மாதிரி நின்றான். வாசல் அறையில் உட்கார வைத்து ஸ்டவுட் பீரும் பலகாரமும் கொடுத்தார்கள். உறவுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். சேதுபதி வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையும் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றான். காலையிலிருந்தே அவன் ஒரு சொட்டுக் காப்பிகூடக் குடிக்கவில்லை. துரை சாப்பிட்டு முடித்துத் தொப்பியை எடுக்கிற வரைக்கும் தம்பிராஜா எதையெதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் துரையே சேதுபதியைக் காட்டி, இவர் யார் என்று கேட்டான்.

தம்பிராஜா இங்கிலீசில் சொன்னான். என் மெக்கானிக். தங்கையைக் கட்டியவன், அதனால் வேலை கொடுத்து வைத்திருக்கிறேன். நல்ல உழைப்பாளி.

அப்படியா, பத்து பெரெண்டாமில் நாங்கள் போடப்போகும் ஒர்க் ஷாப்புக்கு வருவானா என்று கேட்டான் துரை. வருவான் என்று தம்பிராஜாவே பதில் சொன்னான். துரை போகிற போக்கில் சேதுபதியின் தோளில் தட்டிவிட்டுப் போனான். சேதுபதிக்கு இங்கிலீசு தெரியாது. தன்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று தெரிந்து, முகமெல்லாம் சிரிப்பாகத் துரையைக் கும்பிட்டான். அந்தக் கும்பிடை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கார் போனதும் நான் அவனை முற்றத்துக்கு இழுத்துப்போய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் மெசினுக்கு அடியிலிருந்த, மரை திருகும் பெரிய சாவியை எடுத்தான். தகட்டைப் பெயர்க்கப் போகிறான், இல்லை மெசினையே உடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். உடைக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் பெல்ட்டுப் பக்கம் குனிந்து, தள்ளிக்கொண்டு வந்ததில் தளர்ந்திருந்த ஒரு போல்ட்டை இறுக்கினான்.

"டேய், என்னடா செய்யிறே?" என்றேன். எனக்கு அவன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"லூசா கெடக்குடா. இப்புடியே ஓட்டுனா பெல்ட்டு போயிரும்" என்றான். சாவியை வைத்துவிட்டு மெசினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

அடுப்படிக் கதவில் பாக்கியலட்சுமி நின்றாள். "கருணாண்ணே, அபாங் தொரகிட்ட என்னா சொன்னிச்சு?"

சொன்னேன்.

"மெக்கானிக்குன்னா?"

"மெக்கானிக்குன்னுதான்."

"வேல குடுத்து வச்சிருக்கேன்னா?"

"ஆமாம்மா."

அவள் முற்றத்தில் குந்தியிருந்த புருசனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கொதித்துக்கொண்டிருந்த பிண்டாங்கை இறக்கினாள்.

சாயங்காலம் நடு அறையில் வெள்ளைத் துணி விரித்து, செத்துப்போனவர்களின் படங்களுக்கு முன்னால் இலை போட்டார்கள். இலை ஒற்றைப்படையில்தான் வர வேண்டும் என்பது அந்த வீட்டுக் கட்டு. தாத்தாவுக்குச் சுருட்டு, அம்மாவுக்கு வெற்றிலை என்று அவரவர் விரும்பியதை வைப்பார்கள். பரிமாறிய பிறகு மூத்தவன் ஒவ்வோர் இலைக்கும் சாம்பிராணி காட்டிக் கும்பிடுவான். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிட நேரம் விட வேண்டும். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது, பரிமாறிய இலையை எடுக்கவும் கூடாது. நானும் சேதுபதியும் நிலைப்படிக்கு வெளியே நின்றோம்.

பாக்கியலட்சுமிதான் பரிமாறினாள். கடைசி இலையையும் முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், இன்னோர் இலையோடு வந்தாள். வரிசையில் அதையும் விரித்தாள். சோறு வைத்தாள். பாராங் மீனின் நடுத்துண்டம் வைத்தாள். பிலிம்பிக்காய் இறாலைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தாள். துரைக்கு வாங்கியதில் மிஞ்சிய ஸ்டவுட் போத்தலைப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த வீட்டில் பேச்சு மலாய்தான். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

மீனாச்சி விரல் விட்டு எண்ணினாள். "பாக்கியம், எல ரெட்டயா வருதே. இது யாருக்கு?"

"அபாங்குக்கு."

"எந்த அபாங்குக்கு?"

"எனக்கு எத்தன அபாங் சின்னம்மா? ஒண்ணுதானே. எனக்குக் கல்யாணம் பண்ணி வச்ச அபாங். அவருக்கு பிண்டாங்குல நடுத்துண்டம்தான் புடிக்கும்."

தம்பிராஜா சாம்பிராணிக் கரண்டியோடு நின்றவன் திரும்பினான். "பைத்தியமா ஒனக்கு? நான் இங்க நிக்கிறேன்லா. எடு அத."

அவள் அவன் பக்கமே பார்க்கவில்லை. அடுத்த இலையில் சோறு சரிந்திருந்ததைக் கூட்டி வைத்தாள். "பரிமாறிட்டேன் சின்னம்மா. எடுக்கக் கூடாதில்ல?"

மீனாச்சி என்ன செய்வாள். அவள் வயதுக்கு அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. தம்பிராஜாவைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். "எடுக்கக் கூடாது" என்றாள் கடைசியில்.

கரண்டியில் தணல் அவிந்துகொண்டிருந்தது. தம்பிராஜா முதல் இலையிலிருந்து சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தான். தாத்தா, அப்பா, அம்மா என்று ஒவ்வொன்றாக வந்து, தன் இலைக்கு முன்னால் நின்றுவிட்டான். கரண்டி சாய்ந்து சாம்பல் வெள்ளைத் துணியில் கொட்டியது. குடும்பமே பார்த்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டுப் போனால் பார்ச்சு முடியாது. அவன் அதற்கும் சாம்பிராணி காட்டினான். எனக்கு அவன்மேல் துளி இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். மீனாச்சி கதவைச் சாத்தினாள். பாக்கியலட்சுமி தன் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, புருசனின் கையைப் பிடித்தாள்.

"வாங்க. வீட்டுக்குப் போலாம்."

"சாப்புடாமயா?" என்றான் சேதுபதி. அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"வீட்டுல ஆக்கிக்கலாம்."

தம்பிராஜா படி வரை ஓடி வந்தான். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. "பாக்கியம்" என்று கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை. "பாக்கியம், நில்லு. தொரகிட்ட நாளைக்கே போயிச் சொல்றேன். பாக்கியம்."

அவள் முற்றத்தின் நடுவில் நின்று திரும்பினாள். அண்ணனைத் தாண்டி, சாத்திய கதவின் பக்கத்தில் நின்ற மீனாச்சியைப் பார்த்தாள்.

"சின்னம்மா, உள்ளேருந்து யாரோ கூப்புடுற மாதிரி இருக்கு. கதவத் தெறந்துடாதீங்க. சாப்புட்டு முடிக்கட்டும்."